ஊராட்சி மாநகராட்சியோடு சேரும்போது கை மாறுவது என்னென்ன?

2025 ஜனவரி முதல் வாரத்தில் தமிழக அரசு வெளியிட்ட உத்தரவுகளில் ஒன்று, 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளைச் சேர்ப்பது பற்றியது. இன்னொன்று, 41 நகராட்சிகளோடு ஒரு பேரூராட்சியையும் 147 ஊராட்சிகளையும் சேர்ப்பது பற்றியது. இவை உத்தேச முடிவுகள்தான், ஆட்சேபணை இருந்தால் மக்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றது அரசு. சில வாரங்களுக்குள்ளேயே பல ஊர்களில் சாலை மறியல், ஆட்சியர் அலுவலகத்தில் மனு, கிராம சபையில் தீர்மானம் என்று எதிர்ப்பு கிளம்பிவிட்டது.

இந்த விவாதத்தைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். ஒரு தரப்பு, "வரி கூடும், நூறு நாள் வேலை போகும்" என்கிறது. மறுதரப்பு, "ரோடு வரும், பாதாளச் சாக்கடை வரும், ஊர் வளரும்" என்கிறது. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே விவாதத்தைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. எல்லைக் கோடு நகரும்போது வரி, வேலை, நிலம், குரல் என்ற நான்கும் சேர்ந்து கை மாறுகின்றன. முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். பின்னால் திரும்பக் கிடைக்காதவை மற்ற இரண்டும்தான். அதைத்தான் இந்தக் குறிப்பில் விளக்கப் பார்க்கிறேன்.

எது கிராமம், எது நகரம்?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், நிர்வாகத்தில் அது ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்புக்காரர்கள் நகரக் கணக்கில் எழுதிவிடுவார்கள். "சென்சஸ் டவுன்" என்பது இதுதான். 2001-ல் தமிழ்நாட்டில் இப்படி 111 ஊர்கள் இருந்தன. 2011-ல் அது 376 ஆனது. பத்தே வருஷத்தில் மூன்று மடங்குக்கும் மேல்.

இரண்டாவது பதில் சட்டம் சொல்வது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தத்தின் வழியாக அரசியல் சாசனத்தில் 243-கியூ என்ற பிரிவு நுழைந்தது. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருமானம், விவசாயம் அல்லாத தொழில், பொருளாதார முக்கியத்துவம் எல்லாவற்றையும் பார்த்து ஆளுநர் அறிவிக்கலாம் என்கிறது அது. ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அரசுதான். இத்தனை பேர், இத்தனை சதவீதம் என்று எண் எதுவும் அதில் கிடையாது. அதனால் எது நகரம் என்பது கடைசியில் அரசின் முடிவாகவே நிற்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இப்போது யாரும் அதை நினைவுபடுத்துவதில்லை. 2004 ஜூனில் தமிழகத்தின் பேரூராட்சிகளில் 550-க்கும் மேற்பட்டவற்றை ஒரே உத்தரவில் "சிறப்பு கிராம ஊராட்சி" என்று மாற்றினார்கள். முந்தின நாள் டவுன், மறுநாள் கிராமம். அந்த ஊர்களில் ஒரு கட்டிடமும் இடியவில்லை, ஒரு கடையும் மூடவில்லை. கிராமம் என்று பெயர் இருந்தால் மத்திய அரசின் ஊரக நிதி கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். 2006 ஜூலையில் திரும்பப் பேரூராட்சி ஆக்கினார்கள். எல்லையும் பெயரும் நிதி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஆகவே "உங்க ஊர் இயல்பாகவே நகரமாகிவிட்டது, அதனால் சேர்க்கிறோம்" என்று யாராவது சொன்னால், சரி, அதனால் யாருடைய கணக்கில் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

வரியும் வேலையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊராட்சியில் வீட்டு வரி குறைவு. மாநகராட்சியில் சொத்து வரி தெருவையும் கட்டிடத்தின் பரப்பையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களுக்கு அறிவித்த உயர்வு 25 சதவீதத்தில் தொடங்கி 150 சதவீதம் வரை போனது. அதோடு குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இணைப்புக்கான வைப்புத்தொகை, குப்பைக் கட்டணம் எல்லாம் தனித்தனி.

வேலை விஷயம் இன்னும் நேரடியானது. 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், நகர உள்ளாட்சி எல்லைக்குள் வராத இடத்தைத்தான் ஊரகப் பகுதி என்று வரையறுத்தது. ஆகவே எல்லை மாறியதும் அந்த வேலை சட்டப்படியே நின்றுவிடும். அதிகாரி யாரும் மனம் வைத்து நீட்டிக்க முடியாது. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 31,900 ரூபாய். நூறு நாளும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் வயசானவர்கள், வேறு யாரும் கூலிக்குக் கூப்பிடாதவர்கள் நிறைய. நகரத்துக்கென்று 2022-ல் ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. அது சில இடங்களுக்கு மட்டும். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்ட உரிமை அதில் கிடையாது. கலைஞர் கனவு இல்லம் மாதிரியான வீட்டுத் திட்டமும் ஊரகத்துக்கு மட்டுமே உரியது. பாதி கட்டிய வீடுகளின் கதி என்ன என்பது சேர்ப்பு உத்தரவிலேயே எழுதப்பட வேண்டிய விஷயம்.

கோவைப் பக்கம் ஒரு ஊரில் வயதான ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "வரி கட்றதுக்கு என்னங்க தம்பி, பையன் கட்டிருவான். நான் அவன்கிட்ட கை நீட்டாம இருக்கறது அந்த வேலையாலதானுங்க" என்றார். வரியை ஒரு தட்டிலும் வேலையை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்துக் காட்டுகிற கணக்குகள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை. வரி வீட்டுக்காரர் பையிலிருந்து போகிறது. கூலி அந்த வீட்டின் மூலையில் இருக்கிற பெண்ணின் பையிலிருந்து போகிறது. இரண்டும் ஒரே பை இல்லை.

சென்னை 2011: ஏற்கெனவே நடந்த பரிசோதனை

சேர்த்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. அதில் பழைய நகரத்துக்கு 107, புதிய பகுதிகளுக்கு 93. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று எட்டுப் புதிய மண்டலங்கள் வந்தன. அதே ஆண்டில் கோவையும் மதுரையும்கூட இதே மாதிரி விரிந்து, இரண்டும் 100 வார்டு மாநகராட்சிகள் ஆயின.

சேர்ப்பதற்கு ஆதரவான வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அன்றைய நிலைமை அப்படி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக நிற்க, அந்தப் பகுதிகளைச் சின்னச் சின்ன ஊராட்சிகள் நிர்வகித்துக்கொண்டிருந்தன. ஒரு ஊராட்சியால் அந்த அளவுக்குப் பாதாளச் சாக்கடை போட முடியாது. மழைநீர்க் கால்வாய் ஒரு ஊரில் தொடங்கி நாலு ஊர் தாண்டித்தான் கடலுக்குப் போகும். நாலு ஊருக்கும் நாலு தலைவர், நாலு பட்ஜெட் என்றால் கால்வாய் நடுவழியில் நின்றுவிடும். தெருவிளக்கு, துப்புரவுப் பணியாளர், சாலை ஆகியவற்றில் சேர்ந்த பகுதிகளுக்கு நன்மை கிடைத்தது என்பதும் உண்மை.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். எல்லை 2011-ல் மாறியது. கோவளம், கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிகளில் வெளிநாட்டுக் கடனோடு பெரிய மழைநீர்க் கால்வாய் வேலைகள் தீவிரமானது 2020-க்குப் பிறகு. நடுவில் 2015 டிசம்பர் வெள்ளம் வந்துபோனது. சேர்ந்து பத்து வருஷம் கழித்தும் பல தெருக்களில் தண்ணி லாரியும் செப்டிக் டேங்க் லாரியும்தான் ஓடிக்கொண்டிருந்தன. மாநகராட்சி என்ற பெயர் ஒரே நாளில் வந்தது. குழாய் வர ஒரு தலைமுறையே ஆகிவிடும் போலிருக்கிறது.

இதில் பெருங்குடி நல்ல பாடம். அது பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே தென்சென்னையின் குப்பை அங்கேதான் போனது, அதுவும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள். மாநகராட்சியின் எல்லை அங்கே வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மாநகராட்சியின் லாரி வந்துவிட்டது. பஞ்ச காலங்களில் புறநகர் விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரிகள் நகரத்துக்கு ஓடியதும் இதே கதைதான். நகரம் முதலில் தன் குப்பையை அனுப்புகிறது, பிறகு தண்ணீரை எடுக்கிறது, பிறகு மனை வாங்க ஆள் அனுப்புகிறது, கடைசியாகத்தான் கவுன்சிலரை அனுப்புகிறது. சேர்ந்த பிறகு பெருங்குடிக்காரர்களுக்கு ஒரு நன்மை உண்டு. அந்தக் குப்பைமேட்டைப் பற்றி மாமன்றத்தில் எழுந்து கேட்க அவர்களுக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். வெளியே இருந்தபோது அதுகூட இல்லை. சேர்ப்பை முழுசாக எதிர்ப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

நிலம்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. மாநகராட்சி எல்லை வேறு, திட்ட எல்லை வேறு. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பது திட்டக் குழுமம். சென்னையில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழ் உள்ள குழுமங்களும். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அரக்கோணம் பக்கம் வரை போகிறது அது. அந்தப் பரப்பில் இருக்கிற ஊராட்சிகள் ஊராட்சிகளாகவே தொடர்கின்றன. ஆனால் அவர்களுடைய வயலுக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதை முழுமைத் திட்டத்தின் வரைபடம் சொல்லும்.

நடைமுறையில் நிலம் மனையாவதற்கு இந்த இரண்டு எல்லையும்கூடத் தேவைப்படுவதில்லை. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. லே-அவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைவருக்கு இல்லாதபோதும் அவர் கையெழுத்தைக் காட்டி ஆயிரக்கணக்கான மனைகள் விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஆக, ஊராட்சியாகவே இருந்தால் வயல் வயலாகவே இருக்கும் என்று நினைத்தால் அதுவும் கனவுதான்.

அப்போது சேர்ப்பதால் நிலத்தில் மாறுவது என்ன? இரண்டைச் சொல்லலாம். முதலாவது, விலை. எல்லை மாறுவதற்கு முன்னாலேயே, மாறப்போகிறது என்ற பேச்சிலேயே விலை ஏறிவிடும். சொந்த நிலம் வைத்திருப்பவருக்கு அது லாபம். குத்தகைக்கு உழுகிறவருக்கும், அடுத்தவர் காட்டில் ஆடு மேய்க்கிறவருக்கும், பக்கத்தில் ரெண்டு சென்ட் வாங்கலாம் என்று சீட்டுப் போட்டு வைத்திருக்கிறவருக்கும் அது நஷ்டம். ஒரே ஊரில் இந்த இரண்டு தரப்பும் இருப்பதால்தான், "ஊரே எதிர்க்கிறது", "ஊரே வரவேற்கிறது" என்ற இரண்டு செய்தியையும் நான் முழுசாக நம்புவதில்லை.

இரண்டாவது, பொது நிலம். குளம், ஊருணி, மேய்ச்சல் புறம்போக்கு, மயானம், களம் ஆகியவற்றுக்கு ஊரில் ஒரு பழக்கம் இருக்கும். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. எல்லை மாறியபின் அந்த ஏரி யாருடையது? ஆயக்கட்டே மனையாகிவிட்டால் பாசன ஏரிக்குப் பாசனம் இல்லை. பாசனம் இல்லாத ஏரி பதிவேட்டில் "பயன்பாடற்ற" என்ற சொல்லை நோக்கி நகரும். அந்தச் சொல் வந்துவிட்டால் பேருந்து நிலையம் கட்டலாம், அலுவலகம் கட்டலாம், குப்பையும் கொட்டலாம். நூறு நாள் வேலையில் வரத்துக்கால்வாயைத் தூர்வாரியவர்களும் இனி இல்லை. வேலை போவதும் ஏரி போவதும் தனித்தனி விஷயங்கள் இல்லை என்பதை இந்த இடத்தில்தான் பார்க்கிறோம்.

குரல்

ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிற சபைகளும் உண்டு. ஆனாலும் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். தலைவர் பஸ் ஸ்டாண்டில் கண்ணில் படுவார். பதவி பட்டியலின மக்களுக்கும் பெண்களுக்கும் சுழற்சியில் வருகிறது. ஊரில் குரலே இல்லாதிருந்த ஒரு காலனியிலிருந்து தலைவர் வருவதற்கு அது வழி செய்தது.

விரிந்த சென்னையில் 2011 கணக்குப்படி சுமார் 66-67 லட்சம் பேருக்கு 200 கவுன்சிலர்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 33,000 பேர். மூவாயிரம் பேருக்கு ஒரு தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இருந்த ஊர், ஒரு கவுன்சிலரின் வார்டில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நகரங்களிலும் வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைகள் நடந்தன. நல்ல தொடக்கம்தான், ஆனால் கிராம சபைக்கு இருக்கிற வேர் அதற்கு இன்னும் பிடிக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழகத்தின் எந்த மாநகராட்சியிலும் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. சேர்ந்து ஐந்து வருஷமே ஆன சென்னைப் புறநகர்கள், அடுத்த ஐந்து வருஷத்தைத் தனி அலுவலர்களின் கீழ் கழித்தன.

இப்போதைய அறிவிப்பு வந்த நேரத்தையும் பாருங்கள். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. சேர்ப்பு உத்தரவுகள் அதே வாரத்தில் வந்தன. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஊரை இன்னொரு ஊரோடு இணைப்பது பற்றி ஊர் சார்பில் பேச வேண்டிய காலத்தில், ஊர் சார்பில் பேசத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை.

சட்டம் எந்த அளவு கைகொடுக்கும்?

உச்சநீதிமன்றம் 1987-ல் இமாச்சலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் (பல்தேவ் சிங்), கிராமப் பகுதியை நகர எல்லைக்குள் கொண்டுவந்தால் வரி முதலான விளைவுகள் உண்டு, ஆகவே மக்களுக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்றது. இரண்டே வருஷத்தில், 1989-ல், மகாராஷ்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி வழக்கில் (சுந்தர்ஜாஸ் கன்யாலால் பதீஜா), இது சட்டம் இயற்றுவது போன்ற செயல், சட்டத்தில் எழுதியிருக்கிற நடைமுறைக்கு மேல் விசாரணை உரிமை கோர முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது: ஆட்சேபணை எழுத உரிமை உண்டு, ஓட்டுப் போட்டுத் தடுக்க உரிமை இல்லை. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டாது. ஆனால் அது பதிவாகும். பின்னால் நீதிமன்றத்தில் "கேட்டீர்களா, பரிசீலித்தீர்களா" என்ற கேள்வி வரும்போது கையில் இருப்பது அந்தப் பதிவு ஒன்றுதான்.

அதனால் மனு எழுதுகிறவர்கள் "வேண்டாம்" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்த வேண்டாம் என்பது என் யோசனை. வேண்டாம் என்பதோடு கூடவே, சேர்த்தால் என்ன நிபந்தனை என்றும் எழுதுங்கள்:

1. குடிநீரும் சாக்கடையும் வந்த தெருவுக்கு மட்டும் மாநகராட்சி வரி. மற்றவற்றுக்கு, வரும்வரை பழைய வரி.

2. வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நகர வேலைத் திட்டத்தில் நாள் கணக்கோடு எழுத்துபூர்வ உறுதி. தொடங்கிய வீடுகளுக்கு மீதித் தவணை.

3. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், மயானம் ஆகியவற்றின் சர்வே எண்ணும் பரப்பும் சேர்ப்பு உத்தரவின் இணைப்பாக வர வேண்டும்.

4. வார்டு வரையறை முடிந்து தேர்தல் நடக்கும் தேதி. அதுவரை ஊருக்காக மன்றத்தில் யார் பேசுவார் என்ற விவரம்.

5. நகரத்தின் குப்பை இந்த எல்லைக்குள் புதிதாகக் கொட்டப்படாது என்ற உறுதி.

இதில் மூன்றாவதை மட்டுமாவது இப்போதே செய்யலாம், அரசின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரின் பொது நிலங்களுக்கான அ-பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் வாங்கி, ஆட்சேபணை மனுவோடு சேர்த்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், பத்து வருஷம் கழித்து அந்தக் குளம் எங்கே இருந்தது என்று யாராவது கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.